வலிச்சா கையைத் தூக்குங்க

“யாரைக் கேட்டு அந்தப் பையனை வரச் சொன்னே?”

“மெதுவாப் பேசுக்கா. மேல கேக்கும்.”

“கேக்கட்டும். அவ எடத்தை அவளுக்கே தெரியாம—”

“நான் என்ன வித்தா போட்டேன், சும்மா வந்து பாத்துட்டுப் போகட்டும்னு—”

“பாத்துட்டுப் போக இது என்ன துணிக்கடையா? பிடிச்சிருக்குன்னு சொல்லிட்டா என்ன பண்ணுவே, மடிச்சுக் குடுப்பியா?”

“பூட்டியே கிடந்தா மிஷினெல்லாம்—”

“பூட்டல. சாத்தி வச்சிருக்கேன். தினம் காலையில திறந்து, நாற்காலியத் தொடச்சு, தண்ணிக் குழாயை ஓட விட்டு, விளக்கைப் போட்டுப் பாத்து அணைக்கிறேன். யாருக்காக? எவனோ ஒருத்தன் வந்து உக்காரவா?”

அக்காவும் தம்பியும் சத்தம் வராமல் சண்டை போடப் பழகிச் சில வாரங்கள் ஆகியிருந்தன. உதடு அசையும், கை வீசும், தொண்டையிலிருந்து காற்று மட்டும் வரும். தம்பி கையில் மெழுகு சீவும் கத்தி. அக்கா கையில் ஈரத்துணி. இருவரும் நின்றது கிளினிக்கின் பின்னறையில். சுவரோரம் அலமாரி முழுக்க வெள்ளைப் பிளாஸ்டரில் வார்த்த தாடைகள் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தன. பல் செட் கட்டுவது தம்பியின் தொழில். தெருவில் செட்டுக்காரர் என்றுதான் பெயர். முகத்தை வைத்து அவருக்கு ஆளைத் தெரியாது. கடைத்தெருவில் யாராவது நின்று விசாரித்தால் திருதிருவென்று விழிப்பார். அந்த ஆள் சிரித்துவிட்டால் போதும், “அட நீங்களா, கீழ் வரிசையில ஒண்ணு திரும்பியிருக்குமே” என்று தோளில் கைபோடுவார்.

மாடியில் இருந்தவள் அவர் மனைவி. பல் டாக்டர். கிளினிக் அவளுடையது. அக்கா அவளுக்கு நாத்தனார். கணவன் போன பிறகு, நாலு நாள் இருந்துவிட்டுப் போகலாமென்று தம்பி வீட்டுக்கு வந்தாள். உதவிக்கு ஆள் வராத ஒரு காலையில், எச்சில் உறிஞ்சும் குழாயைக் கொஞ்ச நேரம் பிடியுங்கள் என்று டாக்டர் கையில் கொடுத்தாள். அக்கா அதைத் திருப்பிக் கொடுக்கவே இல்லை. அப்படியே அவள் தலை முழுக்க நரைத்துவிட்டது.

இப்போது டாக்டர் கீழே இறங்கி வராமல் ஒரு மாதத்துக்கு மேலாகிறது. முதலில் கழுத்து வலி என்றாள். அப்புறம் தூக்கம் வரவில்லை என்றாள். அப்புறம் ஒன்றுமே சொல்லவில்லை. மாடி அறையில் சன்னலை ஒட்டி ஒரு நாற்காலி. அதில் உட்கார்ந்து எதிர்வீட்டுக் குழாயில் தண்ணீர் சொட்டுவதைப் பார்ப்பாள். அடிக்கடி எழுந்து போய் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து, மறுபடி உட்கார்வாள்.

“ஊர் வாயையெல்லாம் திறக்க வச்சவ, தன் வாயைத் திறக்க மாட்டேங்கிறா” என்றாள் அக்கா. அதைச் சொல்லும்போது மட்டும் அவள் குரலில் சண்டை இல்லை.

செட்டுக்காரருக்கு அந்தப் பையனை வரச் சொன்னதில் சந்தோஷம் ஒன்றும் கிடையாது. புதிதாகப் படித்து முடித்த பல் டாக்டர். கிளினிக் வைக்க இடம் தேடுகிறவன். இரண்டு வருஷத்துக்கு அவன் நடத்தட்டும், இவள் நிம்மதியாக இருக்கட்டும் என்று கணக்குப் போட்டார். அதை அவளிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை. மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு அவன் வருவதாக இருந்தது.

பின்னறைக்கும் கிளினிக்குக்கும் நடுச்சுவரில் ஒரு சின்னச் சன்னல் உண்டு. பல் அச்சு எடுத்த தட்டை அந்தப் பக்கம் அவள் வைப்பாள், இந்தப் பக்கம் இவர் எடுத்துக்கொள்வார். வேலை அவ்வளவுதான். ஆனால் அந்தச் சன்னலை அவர் நாள் முழுக்கத் திறந்தே வைத்திருப்பார். அவள் பேச்சைக் கேட்கத்தான்.

வாயைத் திறந்து வைத்திருப்பவரிடம்தான் அவளுக்கு எல்லாக் கேள்வியும் வரும். ஒரு ஆள் வாயில் பஞ்சும் குழாயும் கண்ணாடியும் ஒன்றாய்க் கிடக்கும். “பொண்ணு இப்ப எங்க படிக்குது?” என்பாள். ஆ, ஊ என்று ஏதோ வரும். “அப்படியா, நல்ல காலேஜாச்சே. ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்குதா?” மறுபடி ஆ. “அதானே, வீட்டுச் சாப்பாடு மாதிரி வருமா” என்று அவளே முடித்துவிடுவாள். வெளியே காத்திருப்பவர்கள் சிரிப்பார்கள். பின்னறையில் மெழுகை உருக்கிக்கொண்டு இவர் சிரிப்பார். பல்லைப் பிடுங்கிக்கொண்டு போகிறவரும், வாயில் பஞ்சைக் கடித்தபடி சிரித்துக்கொண்டுதான் போவார்.

எல்லாப் பேச்சுக்கும் முன்னால் ஒன்று உண்டு. நாற்காலியைச் சாய்த்ததும் அதைச் சொல்லாமல் அவள் கருவியைத் தொட மாட்டாள். “வலிச்சா இடது கையைத் தூக்குங்க. நான் அப்படியே நிறுத்திடுவேன். வலது கை வேணாம், என் கையில இடிச்சுடும்.” சில பேர் வலிக்காமலே தூக்கிப் பார்ப்பார்கள். மிஷின் சட்டென்று நிற்கும். “சோதிச்சாச்சா? பாஸா பெயிலா?” என்பாள்.

பிறகு அந்த நோய்க்காலம் வந்தது. ஒரு மாஸ்க்குக்கு மேல் இன்னொரு மாஸ்க், அதற்கு மேல் கண்ணாடித் தகடு, காலிலிருந்து தலைவரை உறை. உள்ளே வியர்வை முதுகில் ஓடும். பேசினால் அவள் காதுக்கே கேட்காது. நாலு தடவை கத்திப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். கூட இருந்த இன்னொரு டாக்டர் வேறு ஊருக்குப் போய்விட்டார். கதவு சாத்தியிருந்த மாதங்களில் சொத்தையான பல்லெல்லாம் சேர்ந்து ஒரே நாளில் வந்து வரிசையில் நின்றதுபோல ஆனது. கொஞ்ச காலம் கழித்து உறையைக் கழற்றினார்கள், தகட்டைக் கழற்றினார்கள். பேச்சு மட்டும் திரும்பி வரவில்லை. வலிச்சா கையைத் தூக்குங்க; அதோடு சரி. சன்னல் திறந்துதான் இருந்தது. இவர் காதில் மிஷின் சத்தம் மட்டும் விழுந்தது.

மத்தியானம் அவர் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு மாடி ஏறினார். வெங்காயம் வதக்கி ஊற்றிய முட்டை, ரொட்டி, ஆறவைத்த பால். அக்கா சமைத்தது, உப்பு கொஞ்சம் தூக்கல், கோபமாக இருக்கும் நாளில் அப்படித்தான். வெளியே மேகம் இறங்கி, காற்றே இல்லாமல் புழுங்கிக்கொண்டிருந்தது.

ரொட்டியை அவள் பிய்த்தாள். விரல் நடுங்கவில்லை. அதுதான் அவருக்கு விளங்கவில்லை. கை நடுங்கினால் நரம்பு டாக்டர், கண் மங்கினால் கண் டாக்டர். இது எதிலும் சேராமல் இருந்தது.

“நாளைக்கு அந்த மனநல டாக்டர்கிட்ட நேரம் வாங்கியிருக்கேன்” என்றார். “வர்றியாம்மா?”

அவள் மென்று விழுங்கினாள். தானே எத்தனையோ பேரை அவர்களிடம் அனுப்பியிருப்பதாகச் சொன்னாள். தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடித்துத் தேய்த்துக்கொண்டு வருகிறவர்களிடம், பல்லில் ஒன்றுமில்லை, மனசைப் பாருங்கள் என்று சொல்லியிருக்கிறாள். பேசச் சங்கடப்படாதீர்கள் என்றும் சொல்லியிருக்கிறாள்.

“எல்லாம் தெரியும்ங்க” என்றாள். “போய் உக்காந்து என்ன சொல்றது? முதல் வாக்கியமே வர மாட்டேங்குது.”

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கீழே கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. பையன் சீக்கிரமே வந்துவிட்டான் போலிருக்கிறது என்று அவர் படியைப் பார்த்தார். ஆனால் படியில் ஏறி வந்த குரல் கனமான குரல்.

“அக்கா, பல்லுத் தொப்பி கழண்டு போச்சு. சோத்தோட சேத்து முழுங்கிட்டேன்னு நெனைக்கிறேன்.”

டாக்டர் கையிலிருந்த ரொட்டித் துண்டைத் தட்டில் வைத்தாள். ரொட்டி ஆடாமல்தான் இறங்கியது. முகம் மட்டும் சுண்ணாம்படித்ததுபோல் வெளுத்துவிட்டது.

வந்தவர் லாரி டிரைவர். கதவு முழுக்க அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு. ஊசியைக் கண்டால் மட்டும் பச்சைப் பிள்ளை. டாக்டர் கடைசியாகப் பார்த்த நோயாளி அவர்தான். ஒரு கடைவாய்ப் பல்லின் வேர்களை ஒரே அமர்வில் சுத்தம் செய்து அடைத்து, மேலே தற்காலிகமாக ஒரு தொப்பி மாட்டி அனுப்பியிருந்தாள். நிரந்தரமான தொப்பியைச் செட்டுக்காரர் எப்போதோ செய்து முடித்துவிட்டார். பின்னறை மேசையில், அந்த ஆளின் பிளாஸ்டர் தாடைமேல், அது மாட்டியபடி இருந்தது.

டாக்டருக்கு உடம்பு சரியில்லை, வேறு இடத்தில் காட்டிக்கொள்ளுங்கள் என்று கீழே அக்கா சொல்வது கேட்டது. பல்லின் விளிம்பு நாக்கை அறுக்கிறது, பேசவும் முடியவில்லை தின்னவும் முடியவில்லை என்று அவர் சொல்வது கேட்டது. அப்புறம், பரவாயில்லை, கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகிறேன் என்றார். வெளியறை பெஞ்சு முனகியது.

“அனுப்பிடுங்க” என்றாள் டாக்டர், சின்னக் குரலில். “அவரை மட்டும் என்னால பாக்க முடியாது.”

“ஏம்மா? என்ன ஆச்சு அவருக்கு? நல்லாத்தானே போனாரு?”

“நன்றி சொல்லிட்டுப் போனாருங்க. கண்ணத் தொடச்சுக்கிட்டே, ரொம்ப நன்றி டாக்டரம்மான்னு சொல்லிட்டுப் போனாரு.” பால் தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். “அவர் கையைத் தூக்கினாரு. நான் பாத்தேன்.”

செட்டுக்காரருக்கு உடனே புரியவில்லை. அவள் அவரைப் பார்க்காமல், எதிர்வீட்டுக் குழாயைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். ஊசி சரியாகப் பிடிக்காத பல். நிறுத்தினால் இன்னொரு ஊசி, இன்னொரு காத்திருப்பு. வெளியே வரிசை. அப்போது அந்தக் கை எழுந்தது. கண்ணின் ஓரத்தில் தெரிந்தது. இன்னும் கொஞ்சந்தானே என்று நினைத்தாள். மிஷினை அவள் நிறுத்தவில்லை.

“தெரியாம நடந்திருந்தா தப்புன்னு வச்சுக்கலாம். நான் பாத்தேங்க. பாத்துக்கிட்டே செஞ்சேன்.”

படியில் மூச்சு வாங்கும் சத்தம். அக்கா பாதியில் நின்று கேட்டிருக்க வேண்டும். மீதிப் படியை ஏறி வந்து, நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“நீ மட்டுமா பாத்தே?” என்றாள். “அந்தக் கையைப் பிடிச்சு இறக்கி வச்சது யாரு? நான். ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னு தடவிக் குடுத்து, மடியில வச்சு அமுக்கிப் பிடிச்சுக்கிட்டது நான். அதுக்குத்தான் நீ என்மேல கோவமாயிருக்கேன்னு இத்தனை நாளா நெனச்சுக்கிட்டிருக்கேன். அந்தத் தவிப்புல இவன்கூட மல்லுக்கு நிக்கிறேன்.”

“உங்க மேல கோவம் இல்ல அண்ணி.”

“பின்ன?”

டாக்டர் குனிந்துகொண்டாள். தம்ளரில் பாலின் மேல் ஆடை சுருங்கிக்கொண்டிருந்தது.

“நீங்க இறக்கிடுவீங்கன்னு காத்துக்கிட்டிருந்தேன்” என்றாள். “இறக்கினதும் நிம்மதியா இருந்துச்சு.”

அக்கா அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். முந்தானையால் கழுத்து வியர்வையைத் துடைத்தாள். செட்டுக்காரர் தட்டை எடுத்தார், கீழே வைத்தார், மறுபடி எடுத்தார்.

கீழே பெஞ்சு மீண்டும் முனகியது. ஓர் இருமல். அந்த ஆள் போகவில்லை.

டாக்டர் எழுந்தாள். குழாயடிக்குப் போகாமல் நேரே படியிறங்கினாள். அக்கா எழ நேரமாகும் என்பதால் சுவரோரமாக ஒதுங்கி வழி விட்டாள். அவள் போகும்போது சேலை விளிம்பு அக்காவின் முழங்காலில் உரசியது. பாதிப் படியில் நின்று, திரும்பாமல் சொன்னாள்:

“நாளைக்கு நீங்களும் கூட வாங்க. முதல் வாக்கியம் வந்தாச்சுன்னு நெனைக்கிறேன்.”

“ம்” என்றார் செட்டுக்காரர்.

டிரைவர் அவளைக் கண்டதும் எழுந்தார். வணக்கம் வைத்துவிட்டு, யாரும் சொல்லாமலே உள்ளே போய் நாற்காலியில் சாய்ந்து, வாயை அகலத் திறந்துகொண்டார். அக்கா தினமும் துடைத்து வைத்த நாற்காலி. விளக்கும் உடனே எரிந்தது.

“வாயை மூடிக்குங்க” என்றாள் டாக்டர். “கொஞ்சம் பேசணும்.”

அவர் மூடிக்கொண்டார். எவ்வளவு பெரிய சீக்கோ என்று கண் உருண்டது.

செட்டுக்காரர் பின்வழியாகத் தன் அறைக்குப் போய்ச் சேர்ந்திருந்தார். சன்னல் அரைகுறையாகச் சாத்தியிருந்தது. அதை அவர் தொடவில்லை. இடுக்கில் அவள் முதுகும், டிரைவரின் செருப்புக் காலும் தெரிந்தன.

அவள் சுற்றி வளைக்கவில்லை. போன தடவை நீங்கள் கையைத் தூக்கினீர்கள், நான் பார்த்தேன், பார்த்தும் நிறுத்தவில்லை என்றாள். வரிசையைப் பற்றிச் சொல்லவில்லை. நோய்க்காலத்தைப் பற்றிச் சொல்லவில்லை. பக்கத்தில் வந்து நின்ற அக்காவைப் பற்றியும் சொல்லவில்லை.

டிரைவர் கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தார். விளக்கு அவர் தாடையில் விழுந்திருந்தது. நாக்கு உள்ளே அந்த அறுக்கும் விளிம்பைத் தடவுவது கன்னத்தில் தெரிந்தது.

“பாத்தீங்களா?” என்றார்.

“பாத்தேன்.”

“நீங்க பாக்கலன்னு நெனச்சுக்கிட்டேன்மா. வண்டி ஓட்டும்போதெல்லாம் சொல்லிக்குவேன், அந்தம்மா பாத்திருக்க மாட்டாங்க, பாத்திருந்தா நிறுத்தியிருப்பாங்கன்னு.” குரலில் கோபம் இல்லை. அது இருந்திருந்தால் தேவலை என்று அக்காவுக்குத் தோன்றியது. “அப்படி நெனச்சதாலதான் இன்னிக்கு வர முடிஞ்சுது.”

டாக்டர் தலையை ஆட்டினாள். அவர் எழுந்து போகலாம் என்றாள். வேறு நல்ல டாக்டர்கள் இருக்கிறார்கள். தொப்பி தயாராக இருக்கிறது, கையிலேயே கொடுத்துவிடுகிறேன், ஊசியோ மிஷினோ வேண்டாம், ஒட்டி வைக்கிற வேலைதான், யார் வேண்டுமானாலும் செய்வார்கள்.

அப்போது வாசற்பக்கம் அழைப்பு மணி அடித்தது. சொன்ன நேரத்துக்குப் பையன் வந்துவிட்டான். சன்னல் இடுக்கில் அக்காவின் கண்கள் தம்பியின் கண்களைத் தேடிப் பிடித்தன. செட்டுக்காரர் பின்வழியாகச் சுற்றிக்கொண்டு வாசலுக்குப் போனார். இஸ்திரி போட்ட சட்டையும், கையில் இடம் அளக்கிற நாடாவுமாகப் பையன் நின்றுகொண்டிருந்தான்.

“இன்னிக்கு வேணாம் தம்பி” என்றார். “உள்ள ஆள் இருக்கு.”

எப்போது வரட்டும் என்று அவன் கேட்டான். அவர் வானத்தைப் பார்த்து, மழை வருமுன் வீடு போய்ச் சேரச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

திரும்பி வந்தபோது டிரைவர் நாற்காலியில் எழுந்து உட்கார்ந்திருந்தார். கால் தரையில் இருந்தது. செருப்பை ஒரு காலில் மாட்டி, மறு காலைத் தேடிக்கொண்டிருந்தார். ஆக, போகிறார். செட்டுக்காரர் பிளாஸ்டர் தாடையிலிருந்து தொப்பியை மெல்லக் கழற்றி, சன்னல் கட்டையில் வைத்தார். பல்லுக்குப் பல் பார்த்துச் செய்தது. விரல் நகத்தளவு.

டிரைவர் அதைப் பார்த்தார். “இதுவா?” என்றார். எடுத்து உள்ளங்கையில் உருட்டினார். “நிசப் பல்லு மாதிரியே இருக்கு.”

தொப்பியைக் கையில் வைத்தபடியே டாக்டரைப் பார்த்தார்.

“நீங்க முன்னெல்லாம் பேசுவீங்கம்மா” என்றார் அவர். “எம் பொஞ்சாதி பேரு, எம் மகன் பேரு எல்லாம் கேப்பீங்க. வாயில இத்தாம்பெரிய குழாயை வச்சுக்கிட்டுக் கேப்பீங்க. வீட்டுல போய்ச் சொல்லிச் சிரிப்பேன். அன்னிக்கு ஒரு வார்த்தை பேசல நீங்க. யாரோ வேற ஆளுன்னு நெனச்சேன், மாஸ்க்குக்குள்ள.”

“நான்தான்” என்றாள் அவள்.

தொப்பியை அவள் உள்ளங்கையில் வைத்தார். மாட்டிய செருப்பைக் கழற்றினார். மறுபடி சாய்ந்து படுத்தார். படுத்ததும் இடது கை எழுந்தது. முழங்கையை நாற்காலிக் கைப்பிடியில் ஊன்றி, விரல்களை விரித்து, வண்டியை நிறுத்தச் சொல்கிறவர்போல வைத்துக்கொண்டார்.

“இது எப்ப இறங்குதோ அப்ப ஆரம்பிங்க” என்றார். “இறங்கலேன்னா இல்ல.”

“சரி.”

“யாரும் பிடிக்கக் கூடாது.”

அக்கா தன் கைகள் இரண்டையும் அக்குளில் செருகிக்கொண்டாள்.

அவர் வாயைத் திறந்தார். டாக்டர் கை கழுவிக்கொண்டாள், ஒரே தடவை. கையுறையும் மாஸ்க்கும் மாட்டினாள். முக்காலியை இழுத்துப் போட்டு அவர் தலைமாட்டில் உட்கார்ந்தாள். தொப்பி தட்டில் இருந்தது. பசை இன்னும் குழைக்கவில்லை. கண்ணாடியைக்கூட எடுக்கவில்லை. இரண்டு கையும் அவள் மடியில் கிடந்தன.

வெளியே வெளிச்சம் பழுப்பாக மாறியது. ஈரமண் வாசனை எங்கிருந்தோ வந்தது. தூக்கிய கையின் மணிக்கட்டில் நரம்பு துடிப்பது விளக்கில் தெரிந்தது. சுண்டுவிரல் களைத்து மடங்கியது; அவர் அதை மீண்டும் நிமிர்த்தினார். அவர் கண்கள் கூரையை விட்டு இறங்கி அவளைப் பார்த்தன. மாஸ்க்கைக் கொஞ்சம் கீழே இழுத்து, அவள் தன் முகத்தைக் காட்டினாள்.

பின்னறையில் செட்டுக்காரர் கீல் சத்தம் போடாமல் சன்னலை முழுக்கத் திறந்தார். மெழுகு உருக்கும் விளக்கை அணைத்தார். அதன் சுடர் போடும் சிறு சத்தமும் நின்றது.

கை இன்னும் மேலேயேதான் இருந்தது.

“மழை வரும் போலிருக்கு” என்றாள் டாக்டர், திறந்த வாயைப் பார்த்து. “வண்டியை எங்க நிறுத்தியிருக்கீங்க?”